கீரிமலைக் கேணியும் எங்கள் கிணறுகளும்

22 யூலை 2025, செவ்வாய்

இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று காங்கேசன்துறை வீதி நெடுகச் செம்மண் தோட்டங்கள்தான். மாவிட்டபுரத்தில் கீரிமலைப் பக்கம் திரும்பினால் மண் மெலிந்து சுண்ணக்கல் தலைகாட்டத் தொடங்கும். கடற்கரையை அடையும்போது காலடியில் கல் மட்டுமே கிடக்கும். அந்தக் கல்லுக்குள்ளிருந்துதான் கீரிமலை ஊற்று வருகிறது.

இது சோளகக் காலம். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் வடகரையில் அலை அடங்கிக் கிடந்தது. கேணிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மதில்தான் இருக்கிறது. மதிலில் ஏறி நின்ற பொடியன்கள் கேணிக்குள் குதித்துக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கு மறைப்போடு தனிக் கேணி உண்டு.

“தம்பி, உந்தப் படியிலை கால் வையாதை, பாசி கிடக்கு. இஞ்சாலை வா, ஊத்து வாற இடத்தைக் காட்டிறன்” என்றார் சித்தப்பா. மூச்சை அடக்கி முங்கி, அவர் காட்டிய பக்கம் கல்லைத் தடவிப் பார்த்தேன். விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதற்குள்ளிருந்து நீர் உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டு வந்தது. சுற்றியிருந்த நீரை விட அது குளிர்ந்திருந்தது. வாயில் பட்டபோது மெல்லிய உவர் தெரிந்தது.

கேணியிலிருந்து நீர் கடலுக்குப் போகும் வழியில் பிறகு நெடுநேரம் நின்றேன். நன்னீரும் உப்புநீரும் சேரும் இடத்தில் நீர் கலங்காமலே மங்குகிறது. அடியில் கிடந்த கூழாங்கற்கள் நெளிந்து தெரிந்தன. ஒரு கை தூரம் தள்ளி மறுபடியும் எல்லாம் தெளிவு. ஆறு இல்லாத எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நன்னீர் கடலைச் சேர்வதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடங்களில் இது ஒன்று. வழுக்கையாறு கூட மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுந்துவிடுகிறது.

23 யூலை, புதன்

நவக்கிரிக்குப் போய் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தேன். நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்று சின்ன வயதில் கேட்காதவர் எங்களில் இல்லை. தேசிக்காய் போய்ச் சேருமோ இல்லையோ, இரண்டு இடத்தையும் ஆள்வது ஒரே நியதிதான் என்பது உண்மை.

இவ்விரண்டும் இருக்கும் வலிகாமத்தின் அடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. மழைநீரில் கரைந்து கரைந்து அதற்குள் வெடிப்புகளும் பொந்துகளும் குகைகளும் உண்டாகியிருக்கின்றன. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான் எங்களுக்கு முழு ஆண்டின் முதல். அது செம்மண்ணால் இறங்கிக் கல்லுக்குள் தங்குகிறது. கடல்நீரும் கரையோரத்தால் உள்ளே வந்து அடியில் நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்ததால், பாலின் மேல் ஆடை போல உப்புநீருக்கு மேலே மிதக்கிறது. நிலாவரையில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உப்பாகவும் இருப்பது இதனால்தான்.

இதில் நாங்கள் மனத்தில் எழுதிவைக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் தாங்கி நிற்கும். மேலே 1 அடியை இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். ஒருமுறை உவரான கிணற்றை ஒரு மாரியில் மீட்க முடியாது.

24 யூலை, வியாழன். ஆடி அமாவாசை

வெள்ளாப்பிலேயே போய்விட்டோம். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் மகோற்சவத்தின் தீர்த்தம் இன்று கீரிமலையில். தகப்பனை இழந்தவர்கள் கரையெங்கும் இருந்து எள்ளும் நீரும் இறைத்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவும் இருந்தார்.

குதிரை முகம் நீங்கிய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி, கீரிமுகம் நீங்கிய நகுல முனிவர் என்று இந்த நீருக்குப் பழங்கதைகள் உண்டு. பக்கத்தில் நிற்கும் நகுலேஸ்வரம், பஞ்ச ஈச்சரங்களில் ஒன்று. போர்த்துக்கேயரால் இடிபட்டு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் திரும்ப எழும்பி, 1990இல் குண்டுவீச்சில் சிதைந்து, 2012இல் மறுபடியும் குடமுழுக்குக் கண்டது.

1990இல் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தபோது சித்தப்பாவும் ஒரு பெட்டியோடு மானிப்பாய்க்குப் போனவர். உயர் பாதுகாப்பு வலயம் என்று இந்தப் பக்கம் அடைபட்டுக் கிடந்தது. 2009இல் போர் முடிந்த பிறகு காணிகளைக் கட்டம் கட்டமாக விட்டார்கள். இன்னும் விடாத காணிகளும் உண்டு. “அப்பாவுக்கு அந்தியேட்டி கூட இஞ்சை வந்து செய்யேலாமல் போச்சு” என்று அவர் சொன்னது ஒரே ஒரு வசனம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

வீட்டில் சித்தி காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதச் சமையல் முடித்து வைத்திருந்தா.

27 யூலை, ஞாயிறு

பின்னேரம் சேந்தாங்குளம் கடற்கரை. கீரிமலையின் கல் கரை மேற்கே வர வர மணலாகிவிடுகிறது. குடும்பம் குடும்பமாகச் சனம். பிள்ளைகள் தோண்டிய மணற்கிடங்கில் நீர் ஊறுவதைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன்.

எங்கள் காலடியில் ஓடுவது கீரிமலைக்கு வரும் நீர்தான் என்றால், கேணியின் தூய்மை கேணிக்கரையில் தீர்மானிக்கப்படுவதில்லை. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் அளவுக்கு மிஞ்சி எறியும் யூரியாவும், கிணற்றோடு ஒட்டி வெட்டிய மலசலகூடக் குழியும் நைத்திரேற்றாக நிலத்தடி நீரில் சேர்கின்றன. அது கூடினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவு எண்ணெய் மிதந்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம். காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்காகக் கல் அகழ்ந்த பெரிய கிடங்குகள், மண்ணென்ற வடிகட்டி இல்லாமல் நிலத்தடி நீருக்கு நேரே திறந்து கிடக்கின்றன.

2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். தேவைதான். ஆனால் வானம் இலவசமாகத் தருவதைக் கழிவாக்கிவிட்டு, கடலிலிருந்து காசு கொடுத்து உப்பைப் பிரிப்பதை மட்டும் நம்பி இருக்க முடியாது. முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டு மழையை வீதிக்குத் தள்ளுகிறோம். குளங்களையும் கேணிகளையும் தூர்ந்துபோக விட்டுவிட்டோம். அவற்றை வெட்டிய முன்னோர் தேங்கும் நீர் கிணற்றுக்கு இறங்கும் என்று அறிந்தே வெட்டினார்கள்.

ஐப்பசிக்கு இன்னும் காலம் இருக்கிறது. கூரைநீர் இறங்க எங்கள் வளவில் ஒரு கிடங்கு வெட்டப்போகிறோம். கோயில் கேணியைத் தூர்வார ஊர்க்கூட்டத்தில் கேட்பதென்று நானும் சித்தப்பாவும் முடிவெடுத்திருக்கிறோம். கீரிமலையில் தீர்த்தமாடும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கடமை உண்டு. பிதிர்களுக்கு இறைக்கும் நீரைப் பிள்ளைகளுக்கும் நன்னீராக விட்டுவைத்தால்தான் ஆடி அமாவாசைக் கடன் முழுதாகத் தீரும்.