அப்பத்தா ஊருக்கு ஒரு சின்னம்

பி.காம். படிப்பவனுக்குப் படம் வரைகிற வேலை எதற்கு என்று கேட்காதீர்கள். மார்க்கெட்டிங் பாடத்தில் ஓர் ஊருக்குச் சின்னம் வரைந்து வரச் சொல்லிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது தனுஷ்கோடி. என் அப்பத்தா பிறந்த ஊர்.

மாதிரிக்குத் தேடியபோது கிருனா கிடைத்தது. சுவீடனில், ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கும் இரும்புச் சுரங்க ஊர். அதன் சின்னத்தில் மேலே இரும்பைக் குறிக்கும் பழைய குறி: ஒரு வட்டம், அதிலிருந்து கிளம்பும் ஓர் அம்பு. கீழே ஒரு வெள்ளைப் பறவை. அந்தப் பறவைக்கு அங்குள்ள சாமி மக்கள் வைத்த பெயரில் இருந்துதான் ஊரின் பெயரே வந்தது. தோண்டத் தோண்ட நிலம் இறங்குவதால் இப்போது ஊரையே இடம் மாற்றுகிறார்கள். 1912இல் கட்டிய மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்டில் அப்படியே தூக்கி 5 கிலோமீட்டர் தள்ளி வைத்தார்கள்!

நம் தனுஷ்கோடிக்கு அந்த வாய்ப்புக் கூடக் கிடைக்கவில்லை. 1914 முதல் போட் மெயிலில் வந்தவர்கள் இங்கே கப்பல் ஏறித் தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனில் இருந்து வந்த ரயிலோடு ஊரும் போனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இன்று அரிச்சல்முனையில் சாலை முடிகிற இடத்தில் அசோகர் தூண் நிற்கிறது. அது நாட்டின் சின்னம். ஊருக்கென்று ஒன்று?

பெரிய அலை, கவிழ்ந்த ரயில், இடிந்த தேவாலயம் எல்லாம் வரைந்து அப்பத்தாவிடம் காட்டினேன்.

"என்னடா இது, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கு? நாங்க அங்க பொழச்சோம்ல, அதைப் போடு."

அப்புறம்தான் ஊற்றைப் பற்றிச் சொன்னாள். இரண்டு பக்கமும் உப்புக் கடல். நடுவில் மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்புவார்களாம். இன்றும் அங்கே குடிசை போட்டு மீன் பிடிப்பவர்களுக்கு அந்த ஊற்றுதான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிருனாவின் சின்னத்திலும் நிலம் இறங்கிய பள்ளம் இல்லையே! பிழைப்பும் பெயரும்தான் இருக்கின்றன.

அலையை அழித்தேன். பெயருக்கு ஒரு வில் வளைவு, அதுதான் மணல்திட்டு. இருபுறமும் நீலம். நடுவில் ஒரு சிரட்டைத் தண்ணீர்.

மார்க் இன்னும் வரவில்லை. அப்பத்தா மட்டும் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சிரட்டை இன்னும் கொஞ்சம் சின்னதா இருக்கும்ப்பா."