வலப்பக்கம் திறக்கும் புத்தகம்

மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் கொஞ்ச நேரம் கதைத்த பிறகுதான் ராத்தா விஷயத்துக்கு வந்தாள். "தம்பி, நீ படிச்சவன். கெம்பஸ் லீவுல வந்தவன் அறைக்குள்ள படப் பொஸ்தகத்தோடயே கிடக்கான். அட்டையில ரெண்டு ஆம்புளைகள் ஒட்டிக்கிட்டு நிக்கானுகள். என்ன ஏது எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லு."

மருமகன் அஸருக்குப் பள்ளிக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போனேன். இறாக்கையில் பத்துப் பாகங்களும் வரிசையாக இருந்தன. ஒரு ஷொப்பிங் பேக்கில் அத்தனையையும் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மாணவரின் மேசை லாச்சியைச் சோதனை போட்டுப் பழகிய கை. கூச்சம் ஏதும் வரவில்லை. அது பிறகுதான் வந்தது.

யமாஷிதா தொமோகோ என்ற ஜப்பானியப் பெண் வரைந்து எழுதிய சித்திரக் கதை. 2013இல் ஒரு சஞ்சிகையில் தொடராகத் தொடங்கி 2021இல் முடிந்தது. முடிந்த அதே வருடம் திரைப்படமாகவும் அசைவூட்டத் தொடராகவும் வந்தது. 'முக்கோண ஜன்னலுக்கு வெளியே இரவு' என்று பெயரைத் தமிழாக்கலாம். மருமகனிடம் இருந்தது ஆங்கிலப் பதிப்பு. அதிலும் ஜப்பானிய முறைப்படி வலப்பக்கத்திலிருந்துதான் பக்கங்கள் திறக்கின்றன. பக்கத்துக்குள் படச் சதுரங்களும் வலமிருந்து இடமாகவே ஓடுகின்றன. ஓதப் பள்ளியில் வளர்ந்த கைக்கு இது பெரிய வித்தை இல்லை. ஆனாலும் ஆங்கிலத்தை அப்படி வாசிக்கக் கண் முதல் இரவு முழுக்கத் தடுமாறியது.

மிகாதோ ஒரு புத்தகக் கடை ஊழியன். மற்றவர்களுக்குத் தெரியாத உருவங்கள் சிறு வயதிலிருந்தே அவன் கண்ணுக்குத் தெரியும். அவனுக்கோ அது பெரும் பயம். காணாதவன் போலவே வாழப் பார்க்கிறான். ஒருநாள் ஹியாகாவா என்ற பேயோட்டி கடைக்கு வந்து அவனை அடையாளம் கண்டுகொள்கிறான். கூட்டுச் சேர்ந்து தொழில் செய்யலாம் என்கிறான். அவர்களிடம் வழக்குகளைக் கொண்டுவரும் ஹன்ஸாவா என்ற பொலிஸ்காரருக்கோ இந்த விஷயங்களில் துளியும் நம்பிக்கை கிடையாது. பல பேருடைய உடற் பாகங்களைச் சேர்த்து ஒரே பிணமாக்கி வைத்த ஒரு கொலை வருகிறது. அந்தத் தடத்தில் ஹியூரா எரிக்கா என்ற பெயர் கேட்கிறது. தேடிப் போனால் அவள் சூனியம் வைக்கும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை.

எங்கள் ஊர் வாசகருக்கு இதில் புரியாதது என்ன இருக்கிறது? ஜின் பிடித்ததற்கு ஓதிப் பார்ப்பதும் தண்ணீர் ஓதிக் கொடுப்பதும் இசுமு கட்டுவதும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எனக்குப் புதிதாகப் பட்டது ஹன்ஸாவாதான். எரிக்காவின் சாபம் அந்த மனிதரில் பலிப்பதில்லை. எதை நம்புவது என்பதைத் தானே தீர்மானித்துக்கொண்டவர் என்பதே காரணம். அவர் வரும் பக்கங்களை இரண்டு முறை பார்த்தேன்.

ராத்தாவின் கேள்வி இதுவல்ல என்பது தெரியும். ஆண்களுக்கிடையிலான காதலைச் சொல்லும் கதைகளுக்கென்றே ஜப்பானில் சஞ்சிகைகள் உண்டு. பெரும்பாலும் பெண்கள் வரைந்து பெண்களே வாசிப்பவை. இந்தக் கதையும் அப்படியொன்றில்தான் வந்தது. மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்பது எனக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும். அதைத் திருப்பிச் சொல்ல நான் இதை எழுதவில்லை. பத்துப் பாகங்களிலும் காதல் என்று விரல் வைத்துக் காட்டும்படி வெளிப்படையாக நடப்பது மிகக் குறைவு. நடப்பது வேறொன்று. ஹியாகாவா மிகாதோவின் நெஞ்சுக்குள் கையை விட்டு அவனுடைய ஆன்மாவைத் தொடுகிறான். தொட்டால் இருவருக்கும் பார்வை கூர்மையாகிறது, தொழில் நடக்கிறது. முதல் தடவை மிகாதோவிடம் கேட்காமலே தொடுகிறான். போதாததற்கு, அவன் விளங்காத நிலையில் இருக்கும்போது அவனைத் தனக்குக் கட்டிப்போடும் ஓர் ஒப்பந்தத்தையும் செய்துவிடுகிறான்.

ஏன் இப்படிச் செய்கிறான் என்பது மெல்ல மெல்லத்தான் தெரிய வருகிறது. ஹியாகாவா சின்ன வயதில் ஒரு மதக் குழுவினரால் அடைத்துவைக்கப்பட்டு, தன்னிடமிருந்த சக்திக்காகப் பயன்படுத்தப்பட்டவன். கேட்டுவிட்டுத் தொடவேண்டும் என்பதை அவனுக்கு யாருமே காட்டிக் கொடுக்கவில்லை. பயம் என்றால் என்ன என்பதும் தெரியாமல் வளர்ந்தவன் மிகாதோவிடம்தான் பயப்படக் கற்றுக்கொள்கிறான். கதையில் வரும் ஒருவரை எல்லோரும் 'சென்செய்' என்றே அழைக்கிறார்கள். ஜப்பானில் பிள்ளைகள் வாத்தியாரைக் கூப்பிடும் அதே சொல். இருபது வருடமாகச் சேர் என்ற அழைப்புக்குத் திரும்பிப் பார்க்கிறவன் நான். அந்தச் சொல் வந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

கூச்சம் வந்தது அப்போதுதான். மேசையில் இன்னொருவனின் புத்தகங்கள். ஓரிரு பக்கங்களில் மூலையை மடித்து வைத்திருந்தான். கொலை நடக்கும் பக்கங்களோ பேய் வரும் பக்கங்களோ அல்ல அவை. மிகாதோ தான் காண்பதைச் சொல்ல ஆளில்லாமல் தனியே நிற்கும் பக்கங்கள். அந்த மடிப்புகளை நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்ததைப் பாராததாக்கவும் முடியாது.

நாலாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். குசினி வாசலில் வைத்தே ராத்தா பிடித்துக்கொண்டாள்.

"என்ன தம்பி அது?"

"பேய்க் கதை ராத்தா. பேயோட்டுறதும் கொலை பிடிக்கிறதும்."

பொய்யில்லை. முழுதுமில்லை. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

மருமகன் அறையில் இருந்தான். பையைக் கண்டதும் எழுந்து நின்றான். அடிக்கு நிற்கிற பிள்ளையைப் போல நின்றான்.

"கேட்டிருந்தா நானே தந்திருப்பன் மாமா."

"கேட்டிருக்கணும். பிழைதான் மகன்."

மாமா பிழை என்று சொல்லி அவன் கேட்டிருக்கமாட்டான். ஒவ்வொன்றாக எடுத்து இறாக்கையில் அடுக்கினான்.

"உம்மாக்கு என்ன சொன்னீங்க?"

"பேய்க் கதை எண்டு."

பத்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "இதையும் வாசிச்சீங்களா? கடைசி வரைக்கும்?"

"ஓம்."

அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ராத்தா உள்ளே வந்து தேத்தண்ணியை மேசையில் வைத்தாள். மூன்று கோப்பைகள். தானும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.