ஒரு வத்தை, ஒரு பேட்டரி, இரண்டு கண்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கடல் பக்கம் சொந்தபந்தம் இருக்கிறவங்களும், வீட்டில் இன்வெர்ட்டர் வச்சிருக்கிறவங்களும் கடைசி வரை படிங்க.

பாக் நீரிணைக் கரையோரம் ஓர் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தப்போ நடந்தது. ஒரு சாயங்காலம் ஆட்டோவில் இருந்து இருபது சொச்சம் வயசுப் பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. சட்டை முழுக்கத் தொப்பலா நனைஞ்சிருந்தது. கூட வந்த சம்மாட்டி கையில் பாதி காலியான தண்ணி கேன்.

"பேட்டரி வெடிச்சிருச்சு சார். ரெண்டு கண்ணுலயும் ஆசிட். கரையில இருந்து ஊத்திக்கிட்டேதான் வர்றேன், நிப்பாட்டவே இல்ல."

நாங்களும் அதையேதான் தொடர்ந்தோம். வலி மரத்துப்போக சொட்டு மருந்து விட்டு, இமையை விரிச்சுப் பிடிச்சு, பாட்டில் பாட்டிலா சலைன். லிட்மஸ் தாள் வச்சுப் பார்த்து, அமிலம் போயிருச்சுன்னு தெரிஞ்ச அப்புறம்தான் டார்ச்சையே கையில் எடுத்தேன். அப்புறம் கண் மருத்துவரிடம் அனுப்பினோம். சில வாரங்களில் பார்வை தெளிஞ்சிருச்சு.

இந்த வரிசையை எனக்குக் கத்துக்கொடுத்தது புத்தகம் இல்லை. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ இதே மாதிரி ஒருத்தர் வந்தார். நான் பேர், வயசு கேட்டு எழுதிட்டு, டார்ச் அடிச்சுப் பார்க்கப் போனேன். சீனியர் சிஸ்டர் ஒருத்தர், "டாக்டர், பார்க்கிறது அப்புறம். முதல்ல கழுவுங்க"ன்னு சொல்லி அவரைக் குழாயடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவர் வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வழியில் யாரோ கண்ணில் தாய்ப்பால் விட்டிருக்காங்க, தண்ணி மட்டும் யாரும் ஊத்தல. ஒரு கருவிழியில் நிரந்தரத் தழும்பு. அந்த ஒரு மணி நேரத்தோட என்னோட ஒரு நிமிஷமும் சேர்ந்ததை நான் மறக்கவே இல்லை.

சரி, வத்தைக்கு வருவோம்.

மறுபரிசோதனைக்கு வந்தப்போ சம்மாட்டி சொன்னார்: "கண்ணைச் சரி பண்ணிட்டீங்க சார். ஆனா அந்த வயரும் சார்ஜரும் அப்படியேதான் கிடக்கு. நாளைக்கு வேற ஒரு பையன் மாட்டுவான்."

அந்த வார்த்தை தூங்க விடல. எங்கப்பா ரிட்டயர்டு எலக்ட்ரீஷியன். ஞாயித்துக்கிழமை அவரைக் கூட்டிக்கிட்டுக் கரைக்குப் போனேன்.

எஞ்சின் இல்லாத சின்னப் பாய்மர வத்தை. ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி. ராத்திரி விளக்கு, ஜிபிஎஸ், விஎச்எஃப் ரேடியோ மூணும் அதை நம்பித்தான். எஞ்சின் இல்லாததால ஓட்டத்தில் சார்ஜ் ஏற வழியில்லை. கரைக்குத் தூக்கிவந்து கொட்டகையில் சார்ஜ் போடணும். பையன் சார்ஜர் ஓடும்போதே கிளிப்பைப் பிடுங்கியிருக்கான்.

சார்ஜ் ஏறி முடியும் நேரத்தில் பேட்டரிக்குள் இருக்கிற தண்ணி ஹைட்ரஜனாவும் ஆக்சிஜனாவும் பிரியும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே பத்திக்கும். கிளிப்பில் வந்த ஒரு பொறி போதுமானதா இருந்தது. சுவிட்சை அணைச்சு, கொஞ்ச நேரம் காத்தாட விட்டுட்டு எடுத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது.

அப்பா வயரைப் பார்த்தார். முறுக்கி டேப் சுத்தின ஜாயின்ட் ஒவ்வொண்ணா அறுத்தார். உள்ளே செம்பு கறுத்துப் போயிருந்தது. "பாத்தியா, உப்புத்தண்ணி உறைக்குள்ளயே ஏறிப் போயிருக்கு. ரேடியோல பேச பட்டனை அமுக்குனா அஞ்சாறு ஆம்பியர் இழுக்கும். இந்த வயர் தாங்குமா? அவசரத்துல கூப்பிடுறப்பதான் செட்டு அணையும்."

இதைத்தான் நான் யோசிக்கவே இல்லை. நான் வெடிச்ச பேட்டரியை மட்டும் பார்த்தேன். நடுக்கடலில் சத்தமே இல்லாம சாகிற பேட்டரியை அப்பா பார்த்தார்.

அன்னைக்கு அவர் செஞ்சதும் சொன்னதும்:

👉 பேட்டரி மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள். வாயு வெளியேற மேலே துளை. அலையில் உருளாதபடி கயிறு போட்டுக் கட்டணும். ஆசிட்டில் கடல்தண்ணி கலந்தா குளோரின் வாயு வரும், அது நுரையீரலுக்கு விஷம்.

👉 பாசிட்டிவ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். ஃபியூஸ் ரேடியோவைக் காப்பாத்த இல்லை, வயர் தீப்பிடிக்காம இருக்க.

👉 ஈயம் பூசின செம்பு வயர். முறுக்கக் கூடாது, லக் வச்சு அழுத்தணும். முனையை இறுக்கின பிறகு மேலே வாசலின் தடவணும்.

👉 ஸ்பேனரைத் தொடும் முன் மோதிரம், வாட்ச், இரும்புக் காப்பு எல்லாம் கழட்டணும். ரெண்டு முனைக்கும் நடுவில் மோதிரம் பட்டா விரல் வெந்து போகும்.

👉 டிஸ்டில்டு வாட்டர் மட்டும். தகடு வெளியே தெரிஞ்சா அது மூழ்கும் அளவுக்கு ஊத்திட்டு சார்ஜ் போடு. சார்ஜ் ஏறின பிறகு மீதி அளவைச் சரி பண்ணு. ஆசிட் ஊத்தவே கூடாது.

👉 40 வாட் சோலார் தகடு, நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர். பாயின் நிழல் தகட்டில் விழாத இடமாப் பார்த்து வைக்கணும். கொஞ்சம் நிழல் விழுந்தாலும் கரன்ட் பாதாளத்துக்குப் போயிரும்.

கடைசியா ஒரு சின்ன வோல்ட் மீட்டர். இது எனக்குப் பிடிச்ச பகுதி, ஏன்னா இது பி.பி. பார்க்கிற மாதிரி. ஓடி வந்தவுடனே பி.பி. பார்க்கக் கூடாது இல்லையா? அதே மாதிரி சார்ஜரையும் விளக்கையும் நிறுத்தி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்துப் பார்க்கணும். 12.7 இருந்தா நிறைஞ்சிருக்கு. 12.2 பாதி. அதுக்குக் கீழே அடிக்கடி இறக்கினா தகட்டில் சல்ஃபேட் படிஞ்சு பேட்டரி சீக்கிரம் செத்துரும். 12.2 காட்டினா கடலுக்குப் போக வேணாம்னு அப்பா பையனிடம் கறாரா சொன்னார்.

இப்போ நான் ஊர் மாறி வந்துட்டேன். இன்னும் சில நாள் மத்தியானம் என் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும். வோல்ட் மீட்டர் மட்டும். கீழே "12.6 டாக்டர், கிளம்புறேன்". அந்த எண்ணை அவன் தன் ரெண்டு கண்ணாலும் படிச்சு அனுப்புறான்.

நீங்க ஞாபகம் வச்சுக்க வேண்டியது:

கண்ணில் ஆசிட் பட்டா அந்த இடத்திலேயே தண்ணி ஊத்துங்க. இமையைத் திறந்து பிடிச்சு, குறைஞ்சது 20 நிமிஷம். கசக்காதீங்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய், சோடா மாவு எதுவும் வேணாம். நல்ல தண்ணி இல்லாத கடல் நடுவில்னா கடல்தண்ணியாவது ஊத்துங்க, சும்மா இருக்காதீங்க. ஊத்திக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு வாங்க. கரையில் 108, கடலில் ஆபத்துன்னா கடலோரக் காவல்படைக்கு 1554, விஎச்எஃப்பில் சேனல் 16.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் இதே ஆசிட், இதே வாயுதான். இன்னைக்கே ஒரு தடவை போய்ப் பாருங்க.

எம்.பி.பி.எஸ்., அரசு மருத்துவர்