மாசியில் பச்சை

ஆந்திரத்தின் குப்பம் காலங்காலமாகப் பொட்டல் பூமி, இப்போதுதான் பச்சை பிடித்திருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்றுவிடும். என் அம்மாவைப் பெற்ற பாட்டி பிறந்தது அந்தப் பக்கத்து மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில். மலைக்காட்டுக்குள் விறகு பொறுக்கப் போனதையும், சீத்தாப்பழம் தின்று மடியெல்லாம் கறையானதையும் சொல்லியிருக்கிறார். மற்றவை எனக்கு அரைகுறை நினைவுதான்.

ஓர் உறவுக்காரர் கைபேசியில் இரண்டு செயற்கைக்கோள் படங்களைக் காட்டினார். ஒரே மலை. பழைய படத்தில் பழுப்பு, புதியதில் அங்கங்கே நல்ல பச்சை. “பாத்தியா, காடு வளந்திருக்கு” என்றார். அப்படியென்றால் பாட்டி சொன்ன காடு எது? அந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

பூமியைப் படமெடுக்கும் லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. 2008இல் அமெரிக்கா அந்தப் படக் களஞ்சியத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. பச்சையை அளக்கும் கணக்கும் எளியது. உயிருள்ள இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பியனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் வரும். வெறும் மண்ணுக்கு அது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். இலையடர்த்தி கூடக்கூட ஒன்றை நோக்கி ஏறும்.

எழுபதுகளின் படங்களில்தான் முட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் கருவிக்கு ஒரு புள்ளி என்பது தரையில் ஏறக்குறைய 80 மீட்டர். பரப்பில் ஒன்றரை ஏக்கர். ஒரு புளியமரம், நாலு பாறை, கொஞ்சம் முள், ஒற்றையடிப் பாதை எல்லாம் கலந்து ஒரே நிறமாகிவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மலை செழித்திருக்கும்போது எடுத்த படத்தைத் திறந்தால் மலையின் மேல் மேகம்தான் தெரிந்தது. மேகமில்லாத படங்கள் மாசி, பங்குனியில் எடுத்தவை. அவை எல்லாமே பழுப்பு. மேகத்தின் ஓட்டை வழியாக மலையின் ஒரு சரிவாவது அகப்படுமா என்று இரவுகளில் துழாவிக்கொண்டே இருந்தேன். எதுவும் அகப்படவில்லை.

கடைசியில் படத்தைத் தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். அடிவாரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த பெரியவரைக் கைகாட்டினார்கள். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, எல்லை தாண்டினால் கன்னடம் என்று மூன்றும் பேசுகிறவர். புதிய படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“இது எந்த மாசம் எடுத்தது நைனா?”

“பிப்ரவரி, தாத்தா. மாசி.”

“மாசியில மலை பச்சையா இருந்தா, ஏதோ கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்.”

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய படத்தைக் காட்டினேன். பார்க்க மாட்டேன் என்றார். முன்பு காடு அடர்த்தியாக இருந்ததா என்று கேட்டால் பதிலில்லை. “ஏறி வா, காட்றேன்” என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆடுகளோடு ஏறினோம். கீழ்ச்சரிவில் வரிசை வரிசையாகத் தைலமரம். “இதுக்கு இலை கொட்டுற காலமே கெடையாது. என் ஆடு இதுல வாயே வைக்காது.” கீழே வயலைக் காட்டி, “அது மல்பெரி. போர் தண்ணி பச்சை” என்றார். இன்னும் மேலே ஏறினால் மொட்டை மரங்கள். ஓர் உசிலைக் கிளையை வளைத்து நகத்தால் பட்டையைக் கீறினார். உள்ளே ஈரமான பச்சை. “செத்துப்போச்சுன்னு நெனச்சியா? தண்ணிய மிச்சம் புடிக்குது. சித்திரையில ஒரு மழை விழட்டும், துளிர் தள்ளும் பாரு.”

என் தேடல் அந்த இடத்தில் திசை மாறியது. எவ்வளவு பச்சை என்ற கேள்வியை விட்டுவிட்டு, ஓர் ஆண்டு முழுக்க அந்தப் பச்சை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். ஐரோப்பாவின் சென்டினல்-2 இணை 2015இலும் 2017இலும் விண்ணுக்குப் போனது. இரண்டும் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுத்தன. ஒரு புள்ளி 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். பெரியவர் காட்டிய மூன்று இடங்களுக்கும் கோடு வரைந்தேன். தைலத்தோப்பின் கோடு பெரிதாக அசையவில்லை. பட்டுப்புழுவுக்கு இலை வெட்டும்போதெல்லாம் சரிந்து மறுபடி எழும் மல்பெரியின் கோடு ரம்பப் பல் மாதிரி இருந்தது. மேல்சரிவின் கோடு ஐப்பசியில் உச்சிக்குப் போய், பங்குனியில் அடிமட்டத்தைத் தொட்டு, கோடை மழைக்குப் பிறகு நிமிர்ந்தது. அவர் வாயால் சொன்னதை அப்படியே திரையில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதன்பின் லேண்ட்சாட்-5க்குத் திரும்பினேன். 1984இல் ஏவப்பட்ட அதன் புள்ளி 30 மீட்டர், 22 சென்ட். எண்பதுகளின் பிற்பகுதியில் மார்கழிப் படம் ஒன்று மேகமில்லாமல் கிடைத்தது. அதே பருவத்தின் பங்குனிப் படத்தோடு ஒப்பிட்டேன். புல்லும் இப்படி ஏறி இறங்குமே என்ற சந்தேகத்துக்கும் பெரியவரிடம் பதில் இருந்தது: மலைப்புல் தை முடிவதற்குள் காய்ந்துவிடும், மரத்தின் இலை அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் தாங்கும். தை மாதப் படத்தையும் சேர்த்துப் பார்த்தேன். இன்று தைலம் நிற்கும் கீழ்ச்சரிவிலும் அன்று இலையுதிர் மரங்களின் ஏற்ற இறக்கம் இருந்தது. பழைய மாசிப் படம் பொட்டல் என்று காட்டிய இடம், இலை உதிர்த்து நின்ற காடு.

இந்தியாவில் தொலையுணர்வு ஆய்வு தொடங்கியதும் இதே மாதிரிக் கேள்வியில்தான். 1970இல் விஞ்ஞானி பிஷாரடியின் குழுவினர் ஹெலிகாப்டரில் பறந்து, கேரளத்தின் வாடல் நோய் கண்ட தென்னைகளை அகச்சிவப்புப் படச்சுருளில் எடுத்தார்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாததைத் தேடிப் போன அந்த வழியில் வந்த நாம், இன்று படத்தில் பச்சையைப் பார்த்த மாத்திரத்தில் திருப்தியடைந்துவிடுகிறோம். இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர நிழல் பத்து சதவீதம் இருந்தால் அது வனப்பரப்பு. தைலத்தோப்பும் மாந்தோப்பும் அதில் அடங்கும். 2019இல் நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி இதழில் வந்த ஆய்வு, இந்தியாவில் கூடிய பச்சையில் 82 சதவீதம் விளைநிலத்துடையது என்றது. காட்டின் பங்கு 4.4 சதவீதம்தான். விளைச்சல் பெருகியதில் எனக்கும் மகிழ்ச்சியே. போர் போட்டு எடுத்த தண்ணீரில் வளர்ந்ததைக் காடு என்று சொல்லும்போதுதான் மனம் ஒப்பவில்லை.

பாட்டியின் சிறுவயதுக்குப் போக எந்தச் செயற்கைக்கோளாலும் முடியாது. ஆனால் குப்பம் எப்போதும் பொட்டல்தான் என்பதற்கு அந்தப் பழுப்புப் படம் சாட்சியாகாது என்று இனி உறுதியாகச் சொல்வேன். யாராவது இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், எந்த மாதம் எடுத்தவை என்று முதலில் கேளுங்கள். பிறகு அந்த மலையில் ஆடு மேய்ப்பவரிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்தச் சரிவில் எந்த மரம் எப்போது இலை உதிர்க்கும் என்று அந்தப் பெரியவர் சொல்வதையெல்லாம் நான் வரைபடத்தில் குறித்து வருகிறேன். அரசு எடுக்கும் காட்டுக் கணக்கிலும் அந்தக் குறிப்புகளுக்கு இடம் வேண்டும்.