ஓரிரு இடங்களில்

ரெண்டு வாரமா பதிவு எதுவும் போடலை. கண்ணுல புரை எடுத்ததுக்காக அடையாறுல பொண்ணு வீட்டுல இருக்கேன். பதினஞ்சு நாளைக்கு சேத்துல இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வயல் இல்லாத ஊர்ல விவசாயிக்கு என்ன வேலை? காலை எட்டரை மணிக்கு மொட்டைமாடிக்கு ஏறி ஒரு எவர்சில்வர் டப்பாவை எட்டிப் பார்க்கிறதுதான் வேலை. துணைக்குப் பேரன், எட்டாவது படிக்கிறான். துணி காயப்போட வர்றவங்க, "என்ன பெரியவரே, டப்பாவுல மீன் வளர்க்கிறீங்களா?"ன்னு கேட்கிறாங்க. மழை அளக்குறேன்னு சொன்னா சிரிக்கிறாங்க. ஒரு காலத்துல நானும் இப்படிச் சிரிச்சவன்தான். அந்தக் கதையை இன்னைக்குச் சொல்லிடறேன்.

எங்க ஊர் மதுராந்தகம் பக்கம். 2021 ஜனவரி முதல் வாரம், மார்கழி பாதிக்கு மேல ஓடிப்போச்சு. ஒன்றரை ஏக்கர் சம்பா அறுத்து, முப்பத்தெட்டு மூட்டை நெல். ஈரமா இருந்தா வியாபாரி விலையில கழிப்பான்னு ரோட்டோரமா கொட்டிக் காயவெச்சிருந்தேன். டிவியில வழக்கமான அந்த வரியைச் சொன்னாங்க: "ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்." எங்க வீட்டம்மா தார்ப்பாய் வாடகைக்கு எடுத்துட்டு வாங்கன்னாங்க. நானூறு ரூபா. "போன மாசமும் இதைத்தான் சொன்னான், நம்ம ஊர்ல ஒரு சொட்டு விழுந்துச்சா?"ன்னு கேட்டுட்டுப் படுத்துட்டேன்.

ராத்திரி ரெண்டு மணிக்கு இறங்குச்சு. விடிய விடிய பெய்துச்சு. மூணாம் நாள் பதினாறு மூட்டை முளை விட்டுடுச்சு. மாட்டுக்குத்தான் போட்டேன். அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க எத்தனையோ பேருக்கு சம்பா போச்சு. அவங்கள்ல பலருக்கு நெல் வயல்ல நின்னுச்சு, காப்பாத்த வழியில்லை. எனக்கு வழி இருந்துச்சு, நானூறு ரூபாயில. அதைவிட வெட்கம், ரொம்ப நாள் ஊர்ல எல்லார்கிட்டயும் "வானிலைக்காரங்க சரியாச் சொல்லலை"ன்னே சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

போன வருஷம் பேரன் லீவுக்கு ஊருக்கு வந்தப்ப கேட்டான்: "தாத்தா, ஓரிரு இடம்னா எத்தனை இடம்?" ஒண்ணோ ரெண்டோ, சும்மா பொதுவாச் சொல்றதுடான்னேன். "இல்ல தாத்தா, அதுக்குக் கணக்கு இருக்கு"ன்னு ஸ்கூலுக்காக எழுதி வெச்சிருந்ததைக் காட்டினான். ஒரு பகுதியில நூறு இடத்துல மழைமானி இருக்குன்னு வெச்சுக்குங்க. அதுல 25 வரைக்கும் மழை பதிவானா 'ஓரிரு இடங்கள்'. பாதி வரைக்கும்னா 'சில இடங்கள்'. 75 வரைக்கும் 'பல இடங்கள்'. அதுக்கு மேல 'பெரும்பாலான இடங்கள்'. கனமழைக்கும் அளவு உண்டு. 24 மணி நேரத்துல 7 முதல் 11 சென்டிமீட்டர்னா கனமழை, 12 முதல் 20 மிக கனமழை, அதுக்கு மேல அதி கனமழை.

அப்பத்தான் உறைச்சுது. நாலுல ஒரு பங்கு இடம் வரைக்கும் நனையலாம்னு அவங்க அளந்து சொல்லியிருக்காங்க. நான் அதைப் பேச்சுக்குச் சொல்றதா எடுத்துக்கிட்டேன். போன மாசம் என் ஊர்ல பெய்யலைன்னா அவங்க சொன்னது பொய்யாகிடாது. பக்கத்து ஊர் நனைஞ்சிருக்கலாம்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வருதுன்னு பேரன் ஒண்ணொண்ணாச் சொன்னான். மீனம்பாக்கத்துல இருந்து காலையும் சாயந்தரமும் ஒரு பலூன் விடறாங்க. அதுல கட்டின சின்னப் பெட்டி மேல போகப் போக வெப்பம், ஈரம், காத்தழுத்தம் எல்லாத்தையும் சொல்லிட்டே போகும். உலகம் பூரா இதே நேரக் கணக்குல பலூன் விடறாங்களாம். அப்புறம் துறைமுகத்துல, ஒரு உயரமான கட்டிடத்து உச்சியில 2002லேர்ந்து ரேடார் இருக்கு. அது அனுப்புற அலை மழைத்துளியில பட்டுத் திரும்பி வரும். திரும்ப எடுக்கிற நேரத்தையும் அதோட பலத்தையும் வெச்சு மேகம் எங்கே, எவ்வளவு கனம்னு கணக்குப் போட்டு, போன்ல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு படமா வருது. எங்க ஊரும் அதுக்கு எட்டுற தூரம்தான். அன்னைக்கு ராத்திரி என் நெல்லு மேல வந்த மேகத்தை அது பார்த்திருக்கும். நான்தான் பார்க்கலை.

அப்ப டப்பா எதுக்குன்னு கேட்பீங்க. ரேடார் அலை நேரா போகுது, பூமி வளையுது. தூரம் போகப் போக அது மேல இருக்கிற மழையைத்தான் பார்க்கும். தரையில எவ்வளவு விழுந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல தரையிலதான் அளக்கணும். நுங்கம்பாக்கம் ஆபீஸ்ல ஒரு இடத்துல அளந்தா மட்டும் போதாது. 2015 டிசம்பர் 2 காலை எட்டரை வரைக்குமான ஒரு நாள் கணக்குல நுங்கம்பாக்கத்துல 29 சென்டிமீட்டர். தாம்பரத்துல 49, செம்பரம்பாக்கத்துல 47. அடையாறு ஆத்துல வந்த வெள்ளம் மேல பெய்த மழையோடது. இந்தத் தெருவுல இப்பவும் சுவத்துல தண்ணி நின்ன கோட்டைக் காட்டுறாங்க. தலைக்கு மேல பெய்ததை மட்டும் பார்த்தவங்களுக்கு அது புரிஞ்சிருக்காது.

எங்கப்பா ஆட்டுக்கல் குழியில நின்ன தண்ணியைப் பார்த்து ஒரு உழவு மழை, ரெண்டு உழவு மழைன்னு சொல்வார். ஏர் பூட்டலாமான்னு தெரிஞ்சுக்க அது போதும். ஆனா குழிக்கு வாய் அகலம், அடி குறுகல். சின்ன மழையும் பெருசாத் தெரியும். நம்ம ஞாபகமும் அப்படித்தான். "எங்க காலத்துல இப்படிப் பெய்ததே இல்ல"ன்னு நான் சொன்னதுல பாதி, எழுதி வைக்காததால சொன்னது.

அதனால வாயும் அடியும் ஒரே அகலமா இருக்கிற டப்பா வேணும். வீட்டம்மாவோட மிளகாய்த்தூள் டப்பா சரியா அமைஞ்சுது, திட்டு வாங்கிக்கிட்டுத்தான் எடுத்தேன். சுவர், மரம் மறைக்காத இடத்துல வெச்சு, தினம் காலை எட்டரைக்கு ஸ்கேல் வெச்சுப் பார்க்கணும். ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு சென்டிமீட்டர் பெய்தா என் ஒரு ஏக்கர்ல நாப்பதாயிரம் லிட்டர். அடையாறுல ஒரு கிரவுண்டு மனைன்னா ரெண்டாயிரத்து இருநூறு லிட்டருக்கு மேல. லாரித் தண்ணிக்கு போன் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கிறவங்க இதை ஒரு தடவை யோசிங்க.

நான் ஊர்ல அளப்பேன், பேரன் இங்கே அளப்பான், எட்டரை மணிக்கு நம்பர் மாத்திக்குவோம். இப்ப நான் இங்கே இருக்கிறதால ஊர் டப்பா வீட்டம்மா பொறுப்பு. நேத்து இங்கே 31 மில்லிமீட்டர், அங்கே 4. இன்னைக்கு இங்கே ஒண்ணுமில்ல. பேரன் நோட்டை மூடப் போனான். மெட்ராஸ்ல 1792லயே வானாய்வுக்கூடம் கட்டி, 1796லேர்ந்து வானிலையைக் குறிச்சிருக்காங்கன்னு இவன்தான் எனக்குச் சொன்னான். "அவங்க மழை இல்லாத நாளை விட்டுட்டாங்களாடா?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டு, தேதி போட்டு பூஜ்யம்னு எழுதினான்.

சாயந்தரம் ஊருக்கு போன் போட்டேன். நெல்லு காயுதாம். தார்ப்பாய் பக்கத்துலயே மடிச்சு வெச்சிருக்காங்களாம். இந்தத் தடவை வாடகை இல்ல, சொந்தமா வாங்கிட்டோம்.