மூன்றாம் நோன்பும் ஒரு பை டொபியும்



2022 நெருக்கடிக்குப் பிறகு சம்பளமில்லாத லீவு எடுத்து, ஜேர்மனியில் கொலோன் நகரத்தில் தங்கச்சி வீட்டில் இருந்தேன். 2025 மார்ச் 3 அங்கே எங்களுக்கு மூன்றாம் நோன்பு. ஊராருக்கு அது ரோசன்மொன்டாக், கார்னிவலின் பெரிய ஊர்வலம் போகும் திங்கட்கிழமை.

தங்கச்சிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. ஏழு வயது மருமகன் ஸுபஹிலிருந்து ஒரே தொல்லை. "மாமா, என்ட வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் போறாங்க." வேஷம், பாட்டு, பியர். நோன்போடு எனக்கு அங்கே என்ன வேலை? வீட்டில் இருந்து குர்ஆன் ஓதலாம் என்றுதான் நினைத்தேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் இறங்கினேன்.

கீழ்வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். மூக்கில் சிவப்புப் பந்தோடு எங்களைக் கூட்டிப் போனார். வாகனங்களிலிருந்து டொபியும் சொக்லேட்டும் மழை மாதிரிக் கொட்டின. பிள்ளைகள் "கமெல்லே! கமெல்லே!" என்று கத்தினார்கள். அந்த ஊர்ப் பேச்சில் இனிப்புக்கு அதுதான் பெயர். பெரியவர்கள் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்தார்கள். மருமகனின் பை நிறைந்துவிட்டது.

அந்த அம்மா எனக்கொரு சொக்லேட்டை நீட்டினார். நோன்பு என்றேன். "தண்ணீரும் இல்லையா?" எல்லோரும் கேட்கும் கேள்விதான். பிறகு தான் உரித்ததையும் சுற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். "எனக்கு நாளை மறுநாள் தொடங்குது" என்றார். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை அவருக்குச் சொக்லேட்டும் வைனும் இல்லையாம். நாற்பது நாள் நோன்புக்கு முந்திய கடைசிக் கொண்டாட்டம்தான் இந்தக் கார்னிவல் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்ததும் மருமகன் பையைப் பாயில் கொட்டினான். யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கற்றாகத் திருப்பி, எழுத்துக்கூட்டி வாசித்து, ஜெலட்டின் போட்டதை எல்லாம் தனியாக ஒதுக்கினான். "இது கீழ்வீட்டு அம்மாவுக்கு" என்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். ஆறே கால் போல நோன்பு திறந்தோம். முதல் சொக்லேட் எனக்குத்தான்.

எனக்கு அது இறங்கவில்லை. ஊரில் நான் படிப்பித்த ஒரு மாணவன் நினைவுக்கு வந்தான். தரம் 9. பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக் கோயில் தீமிதிப்புக்குப் போனான் என்று யாரோ சொல்ல, வகுப்புக்கு முன்னால் அவனை எழுப்பி, "நீயெல்லாம் முஸ்லிம் பிள்ளையா?" என்று கேட்டேன். "கூட்டாளி மிதிச்சான் சேர். பார்க்கப் போனேன்" என்றான். அதற்குப் பிறகு என் பாடத்தில் அவன் வாய் திறந்ததே இல்லை.

ஏழு வயதுப் பிள்ளைக்குத் தன் எல்லை தெரிந்திருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இதை வாசித்து, அங்கே போனது கூடுமா என்று சிலர் கேட்பீர்கள். அதை உலமாக்களிடம் கேளுங்கள். நான் எழுதுவது ஒரு வாத்தியார் விட்ட பிழையை.

அவன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். அன்றிரவு தராவீஹ் முடிந்து, நம்பர் தேடி, "அன்றைக்கு உன்னை எழுப்பி அப்படிக் கேட்டது பிழை, மகன். மன்னித்துக்கொள்" என்று எழுதி அனுப்பினேன். ஸஹருக்கு எழும்பும்போது பதில் வந்திருந்தது.

"நான் அத மறந்திட்டேன் சேர்."

எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று அவன் கேட்கவில்லை.