மாணவர் திரைப்படமொன்றின் தொடக்கம்

திரைப்படத்தின் தொடக்கத்தைப் பார்வையாளர் முதலிற் காண்பர். படைப்போர் பெரும்பாலும் அதனை இறுதியிலேயே கண்டடைவர். பல்கலைக்கழக மாணவர் ஐவர் தம் குறும்படத்தின் முதல் இரண்டு நிமிடங்களுக்காகப் பட்ட பாடு இதனை நன்கு விளக்கும்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் வடபகுதிப் புகையிரதப் பாதை. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. போர்க்காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. பாதை புதிதாக அமைக்கப்பட்டபின், 2014 ஒக்ரோபரில் வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. மாணவர் ஐவரும் அவ்விடைக்காலத்திற் பிறந்தவர்கள். வண்டி இல்லாமையை அவர்கள் இழப்பாக உணர்ந்ததில்லை. அவர்கள் கண்ட ஊர் அவ்வாறே இருந்தது. தமக்கு நினைவில்லாத ஒன்றின் நினைவைப் படமாக்குவது எங்ஙனம் என்பதே அவர்கள் முன்னிருந்த வினா.

எழுத்துப் பிரதியின்படி, படம் வண்டியின் வருகையோடு தொடங்கவேண்டும். இதில் வியப்பில்லை. லூமியர் சகோதரர் 1896 இற் காட்டிய, ஒரு நிமிடத்துக்கும் குறைந்த படமொன்றில் லா சியோத்தா நிலையத்துக்குப் புகையிரதம் வந்து நிற்கிறது. அன்றுதொட்டே திரைக்கும் புகையிரதத்துக்கும் உறவுண்டு. மாணவர்களும் பனங்கூடல்களிடையே விரைந்துவரும் வண்டியைச் சேய்மையிலும் அண்மையிலும் படம்பிடித்தனர். காட்சிகள் அழகாகவே அமைந்தன. ஆயினும் தொகுத்துப் பார்த்தபோது அவை சுற்றுலா விளம்பரம்போல் தோன்றின. வந்துவிட்ட வண்டியை முதலிலேயே கண்டவர் பின்னர் எதற்காகக் காத்திருப்பார்?

படத்தின் மைய மாந்தர் முன்னாள் கடவைக் காப்பாளர் ஒருவர், எழுபதைக் கடந்தவர். அவருடைய காவற்கொட்டில் இருந்த இடத்தில் இன்று எவ்வித அடையாளமும் இல்லை. வீதியோரத்திலிருந்து அடிகளை எண்ணியே அவர் அவ்விடத்தைக் கண்டார். பதினேழாவது அடியில் நின்றார். நெறியாள்கை செய்த மாணவருக்கு அந்நடை நீளமாகப்பட்டது. எண்ணாமல் நேரே வந்து நிற்குமாறு வேண்டினார். முதியவர் ஐந்து தடவை நடந்தார். ஐந்து தடவையும் இடம் சிறிது மாறியது.

"எண்ணாமல் நிண்டா அது வேற இடம், தம்பி" என்றார் இறுதியில். அவர் குரலிற் சினமில்லை. தொழிலின் ஒழுங்கைப் புதியவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் தொனியே இருந்தது.

அன்று மாலை மாணவரிடையே விவாதம் மூண்டது. திரையில் இரண்டடி முன்பின்னானால் எவரும் அளந்து பார்க்கப்போவதில்லை என்றார் நெறியாளர். இடம் எதுவானாலும் ஒன்றேயெனில் இவரை ஏன் அழைத்தோம், நடிகர் ஒருவர் போதுமே என்றார் ஒலிப்பதிவுக்குப் பொறுப்பான மாணவி. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1956 இல் 'ரேகாவ' படத்துக்காகக் கமராவைக் கலையகத்துக்கு வெளியே கொண்டுசென்றதை அவர்கள் விரிவுரையிற் கற்றிருந்தனர். வெளியே சென்றால் மட்டும் போதாது, சென்ற இடத்தின் சொல்லுக்குச் செவிகொடுக்கவும் வேண்டும் என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெளிவாயிற்று.

கமரா ஆயத்தமாகுமுன், முதியவரின் முதல் நடையை அம்மாணவி ஒலிச் சோதனைக்காகப் பதிவுசெய்திருந்தார். சரளைக் கல்லிற் செருப்பின் ஓசை. மெல்ல எண்ணும் குரல். பன்னிரண்டுக்குப்பின் சிறு தயக்கம். அதுவே தொடக்கமாயிற்று. இருண்ட திரையில் எண்ணிக்கை கேட்கும். பதினேழில் ஒளி வரும். வெறும் நிலத்தில் ஒருவர் நிற்பார். வண்டி படத்தின் முடிவுக்குச் சென்றது. அங்கும் ஓசையாக மட்டுமே.

இதற்காக மூன்று நாட் படப்பிடிப்புக் கைவிடப்பட்டது. ஒளிப்பதிவு செய்த மாணவருக்கு அதில் மனவருத்தம் இருந்தது, அது நியாயமானதே. ஆயினும் எதை எடுத்துக்காட்டுவது என்பதிலும், எதை எடுத்துக்காட்டத் தமக்கு உரிமையுண்டு என்பதே கடினமான வினா என்பதை ஐவரும் கற்றனர். தாம் அறியாத காலத்தை அறிந்தவர் போலக் காட்டாது, அறிந்தவர் ஒருவர் எண்ணுவதைக் கேட்டிருப்பதே அவர்களாற் செய்யக்கூடிய நேர்மையான தொடக்கமாக இருந்தது.